மே மாதத்து இரண்டு வாரங்கள்: சத்தியமங்கலம் பக்கத்து அறிவியல் முயற்சி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சத்தியமங்கலம் வட்டத்தில் வாய்க்கால் பாசனம் முடிந்து மானாவாரி தொடங்குகிற சில ஊர்களிலும், மேலே கடம்பூர் மலையிலும், கோவைக் கல்லூரிகளைச் சேர்ந்த அறிவியல் ஆசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களுமாக ஒரு சிறு குழு சில வருடங்களாக வேலை செய்துவருகிறது. பதிவு செய்த அமைப்பு கிடையாது, பேனர் கிடையாது. அருந்ததியர், பழங்குடி வீட்டுப் பிள்ளைகளை மேல்நிலையிலும் கல்லூரியிலும் அறிவியல் படிக்க வைப்பது அவர்கள் வேலை. அதைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதித் தரச் சொன்னார்கள். ஊர், பள்ளி, பிள்ளைகள் பெயர்களை விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தப் பிள்ளைகளிடம் அறிவியல் ஆர்வம் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து பதினொன்றில் சேர்வதற்குள் வருகிற இரண்டு வாரத்தில்தான் எல்லாம் கைநழுவிப் போகிறது. அறிவியலைப் பரப்புகிறவர்கள் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்தை ஒட்டி ஊருக்கு வருகிறார்கள். ஸ்பின்னிங் மில் வேலைக்கு ஆள் பிடிக்கிற மில் ஏஜெண்டு மே மாதம் வருகிறார்.

சீட்டும் அதற்கு முந்தைய படியும்

தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. அந்த 18-க்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு 2009-இல் சட்டமானது. நீதிபதி ஜனார்த்தனம் குழு தந்த பரிந்துரையின் பேரில் வந்த சட்டம் அது. நீண்ட வழக்குக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு உள்ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது இந்தச் சட்டமும் நிலைத்தது. கொங்கு மாவட்டங்களுக்கு இது பெரிய விஷயம். இங்கே பட்டியல் சாதியினரில் பெரும்பகுதி அருந்ததியர்தான். தோட்டத்து வேலை, கரும்பு வெட்டு, தோல் வேலை, ஊராட்சி நகராட்சித் துப்புரவு என்று தலைமுறைகளாக ஒரே தடத்தில் தள்ளப்பட்டவர்கள்.

இதோடு 7.5 சதவீதமும் இருக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் மருத்துவத்திலும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற படிப்புகளிலும் கொடுக்கப்பட்ட முன்னுரிமை. ஆக, ஒரு அருந்ததியர் பெண் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தாளில் அவளுக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன.

அந்தக் கதவுகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. பதினொன்றில் அறிவியல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். காமர்ஸ் எடுத்தவளுக்கு வேளாண் பட்டப்படிப்பு இல்லை, மருத்துவம் இல்லை, இயற்பியல் பி.எஸ்சி. இல்லை. பதினைந்து வயதில், பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ கூட வர முடியாத ஒரு காலை நேரத்தில், பள்ளி ஆபீஸ் ஜன்னலில் எடுக்கிற முடிவு அது. 3 சதவீதத்துக்கு அருந்ததியர் வராவிட்டால் அந்த இடம் பட்டியல் சாதியின் மற்ற பிரிவினருக்குப் போய்விடும். ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் சீட்டைப் பற்றியே மணிக்கணக்கில் பேசுகிறார்கள். இந்த ஜன்னலைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் நடப்பது

குழுவின் ஆரம்ப வருடங்கள் எல்லோரும் செய்கிற மாதிரியே இருந்தன. டெலஸ்கோப், காந்தம், பலூன், வினிகரும் சோடா உப்பும். இதை நான் கேலி செய்யவில்லை. நன்றாகவே செய்தார்கள். ஈரோட்டுப் பக்கம் மஞ்சளை வைத்துத் தொடங்குவதைவிடச் சிறந்த வேதியியல் பாடம் இருக்க முடியாது. மஞ்சள் தடவிய தாளில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்தித் தட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் பாதி ஆச்சரியமே இல்லை. இரண்டாவது பாதிதான் அவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. அடுத்த வாரமே சோப்பு, சாம்பல், மோர், போர்த்தண்ணீர் என்று வீட்டில் இருப்பதையெல்லாம் தாளில் விட்டுப் பார்த்துக் கொண்டுவந்தார்கள். காலனிக் குழாயில் வருகிற தண்ணீரையும் ஊருக்குள் வருகிற தண்ணீரையும், கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரில் வைத்துப் பார்த்த ஒரு கூட்டமும் இருந்தது. அந்தப் பேச்சு ஊர்ப் பெரியவர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பார்த்ததில் மிக நன்றாக நடந்தது கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துக்குப் போய்வந்த நாள். பிள்ளைகளில் பலர் கரும்பு வெட்டுகிறவர்கள் வீட்டிலிருந்து வந்தவர்கள். வேலைக்காகக் குடும்பத்தோடு வெளியூர் போய், பள்ளியை மாதக்கணக்கில் விட்டவர்களும் அதில் உண்டு. 1912-இல் அந்த நிறுவனம் ஏன் கோவையில் வைக்கப்பட்டது என்று அங்கே இருந்தவர் கேட்டார். யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண் தயங்கித் தயங்கி, "இங்க கரும்பு பூக்குமுங்க. பூத்துட்டா சாறு கொறஞ்சு போயிருமுன்னு அப்பா சொல்லுவாருங்க" என்றாள்.

வெட்டுகிறவனுக்கு நஷ்டமான அந்தப் பூதான் இனக்கலப்பு செய்கிறவனுக்கு மூலதனம். பல இடங்களில் கரும்பு சரியாகப் பூப்பதில்லை. கோவையில் நன்றாகப் பூக்கும். அதனால்தான் ஒரு ரகத்தை இன்னொன்றோடு இங்கே சேர்க்க முடிந்தது. இனிப்பும் பருமனும் உள்ள தோட்டக் கரும்பையும், சக்கையாக இருந்தாலும் குளிரையும் வறட்சியையும் தாங்குகிற காட்டுப் பேய்க்கரும்பையும் சேர்த்துப் பெற்ற கோ 205 என்ற ரகம் 1918-இல் வெளிவந்து பஞ்சாபுக்குப் போனது. இன்றைக்கும் நாட்டின் பல ரகங்களின் பெயர் 'கோ' என்றுதான் தொடங்குகிறது. அந்தப் பெண்ணின் அப்பா வயலில் பார்த்துத் தெரிந்துகொண்டதும் நிறுவனத்தின் அடித்தளமும் ஒரே செய்திதான் என்பது அவளுக்குப் புரிந்த கணத்தை நான் பார்த்தேன். பேச்சே மாறிவிட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் அவள்தான் மற்றவர்களுக்குப் பாடம் நடத்தினாள்.

அதே நிறுவனத்தில் 1930-களில் வேலை செய்தவர் ஈ.கே. ஜானகி அம்மாள். தலச்சேரியில் 1897-இல், தீயர் சமூகத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் வாங்கிக் கோவைக்கு வந்து, கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் கலப்பு செய்து பார்த்தவர். பெண், தனியாக வாழ்ந்தவர், சாதியிலும் 'கீழே' வைக்கப்பட்டவர். சக ஆண்களோடு உரசல் இருந்தது. பிறகு இங்கிலாந்து போனார். அங்கே குரோமோசோம் ஆய்வாளர் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் தொகுத்த பயிர்களின் குரோமோசோம் அட்டவணை 1945-இல் வந்தது. குழு இவர் கதையைச் சொல்லும்போது சாதனையோடு நிறுத்திக்கொள்ளும். உரசலையும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. சாதித்தவர் படத்தை மட்டும் காட்டினால், நாளைக்கு லேபில் ஒரு வார்த்தை சுருக்கென்று விழும்போது அந்தப் பிள்ளை தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்ளும்.

மூன்று பிள்ளைகள்

பஸ்ஸில் பாடம் நடத்திய பெண்ணிடமிருந்து தொடங்கலாம். பத்தாம் வகுப்பில் அறிவியலில் நல்ல மதிப்பெண். அறிவியல் தாள் 75 எழுத்து, 25 செய்முறை. செய்முறைக்குப் பல பள்ளிகள் தாராளமாகவே போடும் என்பதால் அந்த 75-இல் என்ன வாங்கினாள் என்று பார்த்தேன். அதிலும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜூன் மாதம் அவள் ஸ்பின்னிங் மில்லில் இருந்தாள்.

அப்பாவிடம் போய்ப் பேசினோம். அவர் படிப்புக்கு எதிரி இல்லை. "படிக்க வெக்கறதுக்கு என்னங்க சார், வெக்கலாம். இங்கிருக்கற பள்ளிக்கொடத்துல சயின்சு குரூப்பு இல்லீங்க. டவுனுக்குப் போகோணும், ரெண்டு பஸ்ஸு மாறோணும். சாயந்தரம் பஸ்ஸு வரலீன்னா பொட்டப்புள்ளைய ஆரு போயிக் கூட்டியாறது? மில்லு வேனு வாசல்லயே வந்து நிக்குது, வாசல்லயே எறக்கியுட்டுட்டுப் போகுது."

இந்த ஒரு பதிலில் முழு ஆய்வும் இருக்கிறது. மில் ஏஜெண்டு என்ன தருகிறார் என்று எழுதிப் பாருங்கள். வாசலுக்கு வேன். வெளியூர் மில் என்றால் தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு. கைச்செலவுக்கு முன்பணம். கூடவே, ஏற்கெனவே போய்வந்த பெரியம்மா மகள் ஒருத்தி. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருடம் கழித்துக் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி இந்தப் பக்கத்துப் பெண்களை எப்படி அடைத்து வேலை வாங்கினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. இப்போது அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, வேன் மட்டும் வருகிறது. அறிவியல் பரப்புகிற நாம் என்ன தருகிறோம்? ஒரு நாள் டூர், ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ.

இரண்டாவது பையன் கடம்பூர் மலையிலிருந்து வந்தவன், மலையாளி சமூகம். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கொல்லிமலை, ஏற்காடு, கடம்பூர், பர்கூர் என்று மலைமேல் தலைமுறைகளாக வாழ்கிற தமிழ் பேசும் மக்கள். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் இருக்கிறது. ஆனால் மாவட்டம் போட்டு இருக்கிறது: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. கடம்பூர் இருக்கிற ஈரோடு 1979-இல் தனி மாவட்டமாகப் பிரிந்தது கோவையிலிருந்து. அந்தப் பட்டியலில் கோவை இல்லை. கொல்லிமலை இன்றைக்கு நாமக்கல் மாவட்டமானாலும் பழைய சேலம் என்பதால் அங்கே எஸ்.டி. இங்கே மலை இருக்கிறது, காடு இருக்கிறது, யானை வழிமறிக்கிற ரோடு இருக்கிறது, சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. சான்றிதழ் மட்டும் இல்லை. கொல்லிமலைக்குக் கட்டிக்கொடுத்த அத்தையின் பிள்ளைகள் பழங்குடி, இவன் இல்லை. பல காலமாக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உதவித்தொகை, அந்த 1 சதவீதம் எல்லாமே இந்த ஒரு தாளில் தொங்குகின்றன. எந்தப் பலூன் பரிசோதனையும் இதைச் சரிசெய்யாது.

ஊராளி, இருளர், சோளகர் பிள்ளைகளுக்குப் பட்டியலில் இடம் இருக்கிறது. அவர்கள் சிக்கல் வேறு. பட்டியல் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தருவார். பழங்குடிச் சான்றிதழுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் வரை போக வேண்டும், விசாரணை உண்டு. குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் வாங்கியிருந்தால் வேலை சுலபம். முதல் ஆள் படுகிற பாடுதான் பாடு. அட்மிஷன் சமயத்தில் போய் நின்றால் ஒன்றும் நடக்காது. எட்டாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டிய வேலை.

மூன்றாவது பையனின் அம்மா துப்புரவுத் தொழிலாளி. அவன் டவுனிலேயே இருக்கிறான், பள்ளியும் பக்கம், மதிப்பெண்ணும் இருந்தது. பள்ளியில் "உனக்கு எதுக்குப்பா ஃபர்ஸ்ட் குரூப்பு, கஷ்டம், தொழிற்பிரிவு எடுத்துக்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதாகவே இருக்கலாம். பள்ளிக்கு ரிசல்ட் சதவீதம் முக்கியம் என்பதும் தெரிந்ததுதான். அதே மதிப்பெண் வாங்கிய வேறு வீட்டுப் பிள்ளையிடம் இதே அக்கறையோடு பேசியிருப்பார்களா என்பது என் கேள்வி.

வேலையை மே மாதத்துக்கு மாற்றியது

குழுவில் இருந்த ஒரு பெண் ஆராய்ச்சி மாணவிதான் இதை முதலில் பிடித்தார். அவரும் இதே பக்கத்திலிருந்து போனவர், அருந்ததியர் குடும்பம். "நம்ம வண்டி தப்பான மாசத்துல வருது" என்றார். அதன்பிறகு வேலையின் அமைப்பே மாறியது.

இப்போது ஒன்பதாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போடுகிறார்கள். ஆதார், கம்யூனிட்டி சர்டிபிகேட், வருமானச் சான்று, வங்கிக் கணக்கு. எது இல்லையோ அதற்கு ஈ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பேரில் ஒரு எழுத்து ஆதாரில் ஒரு மாதிரியும் பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரியும் இருப்பது, அப்பாவின் இனிஷியல் மாறியிருப்பது இதெல்லாம்தான் அதிக நேரத்தைத் தின்கிறது. இயற்பியல் முனைவர் ஒருவர் இந்த வரிசையில் நிற்பது வீண் என்று வெளியிலிருந்து விமர்சனம் வந்தது. அந்த முனைவர் வரிசையில் நின்றபடியே நாலு பிள்ளைகளுக்கு ஒளிவிலகல் சொல்லிக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ரிசல்ட் வந்த அன்றே வீட்டுக்குப் போகிறார்கள். எந்தப் பள்ளியில் எந்த குரூப் இருக்கிறது, அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் உண்மையிலேயே இருக்கிறாரா, பக்கத்தில் ஆதிதிராவிடர் நல விடுதியில் இடம் உண்டா என்று ஏப்ரலிலேயே விசாரித்து வைத்துக்கொள்கிறார்கள். 2025-இல் அந்த விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். மக்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். பெற்றோரிடம் பேசும்போது விஞ்ஞானி, ராக்கெட் என்று ஆரம்பிப்பதில்லை. கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கில் வரும் என்கிற புதுமைப்பெண் திட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பையன்களுக்கும் அதேபோல் தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் கோவையில்தான் தொடங்கப்பட்டது. மில் சம்பளத்துக்கு இது ஈடாகாதுதான். ஆனால் பேச்சைத் தொடங்க ஒரு பிடி கிடைக்கிறது.

மில்லுக்குப் போன பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அடுத்த வருடம் திரும்பி வந்து பதினொன்றில் சேர்ந்தாள். அவள் மனதை மாற்றியது குழு இல்லை. மில்லில் இராத்திரி ஷிப்ட் மாற்றிய சண்டையும், அவள் பாட்டியின் பிடிவாதமும்தான். குழு செய்தது விடுதியில் இடம் பார்த்துக் கொடுத்தது. இந்த மாதிரி விஷயங்களில் பெருமையை யார் எடுத்துக்கொள்வது என்பதில் கொஞ்சம் கவனமாக இருப்பது நல்லது.

முதல் செமஸ்டர்

கல்லூரிக்குள் நுழைந்த பிறகு இன்னொரு பள்ளம். கொங்கு அருந்ததியர் வீடுகளில் பலவற்றில் பேச்சு தெலுங்கு, சிலவற்றில் கன்னடம். பள்ளியில் முடுக்கம், நிலைமம், விடுகதிர் என்று தமிழில் படித்து ஏறிவந்த பிள்ளைக்குக் கல்லூரியின் முதல் நாளே எல்லாம் ஆங்கிலம். மூன்றாவது மொழியில் கால்குலஸ். பாடம் தெரியாமல் தடுமாறுகிறானா, மொழி தெரியாமல் தடுமாறுகிறானா என்று பிரித்துப் பார்க்க முதல் செமஸ்டரில் யாருக்கும் நேரமில்லை. முதல் இன்டர்னல் தேர்வில் மதிப்பெண் சரிந்ததும் பையன் லீவ் போட ஆரம்பிப்பான். அப்புறம் செல்போன் எடுக்க மாட்டான்.

இதற்குக் குழு செய்வது எளிமையானது. சேர்வதற்கு முந்தைய வாரங்களில், ஏற்கெனவே தமிழில் தெரிந்த பாடத்தையே ஆங்கிலப் பெயர்களோடு மறுபடி நடத்துகிறார்கள். புதிதாக எதுவும் கிடையாது. நடத்துவதும் இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் படிக்கிற அதே ஊர்ப் பிள்ளைகள். இந்த முழு முயற்சியிலும் குறைந்த செலவில் அதிகம் பலித்தது இதுதான் என்பது என் கணிப்பு. அண்ணனிடமும் அக்காவிடமும் தெரியாது என்று சொல்ல வெட்கமில்லை. பேராசிரியரிடம் சொல்ல மாட்டார்கள்.

லேபுக்குள் சாதி

குழுவின் கூட்டங்களில் அதிகம் பேசப்படாத பகுதி இது. ஒரு முகாமில், பரிசோதனை முடிந்ததும் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவவும் ஹாலைப் பெருக்கவும் அங்கிருந்த பொறுப்பாளர் சில பிள்ளைகளைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எந்தப் பிள்ளைகள் என்று சொல்ல வேண்டியதில்லை. யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. இயல்பாக நடந்தது, அதுதான் பிரச்சினை. இன்னொரு ஊரில், நான் முன்னே சொன்னபடி தண்ணீரை மீட்டரில் அளந்து பார்த்த பிறகு, "பசங்களுக்கு அறிவியல் சொல்லிக் குடுங்க, அரசியல் வேண்டாமுங்க" என்று தகவல் வந்தது. இரண்டு குழாயில் வருகிற தண்ணீரை ஒரே மீட்டரில் பார்ப்பதைவிடச் சுத்தமான அறிவியல் எது என்று எனக்குத் தெரியவில்லை. குழு அந்த ஊரில் தண்ணீரை அளப்பதை நிறுத்திவிட்டது. பள்ளியின் அனுமதி போய்விட்டால் மே மாத வேலை நின்றுவிடும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு புரிகிறது. எனக்கு உடன்பாடில்லை. குழுவுக்குள்ளும் இருவேறு கருத்து இருக்கிறது.

குடுவை விஷயத்துக்கு மட்டும் ஒரு விதி வந்தது. முகாமில் யார் குடுவையைத் தொட்டார்களோ அவர்களே கழுவ வேண்டும், பேராசிரியர் உட்பட. பெருக்குவதற்குச் சீட்டுக் குலுக்கல். மேலோட்டமான தீர்வுதான். ஆனாலும் முதல் குலுக்கலில் உள்ளூர்ப் பெரிய வீட்டுப் பையன் பெயர் வந்தபோது ஹால் கொஞ்ச நேரம் அமைதியானதையும், அவன் சிரித்துக்கொண்டே விளக்குமாற்றை எடுத்ததையும் குறிக்கத்தான் வேண்டும். பிள்ளைகளால் முடிகிறது.

இப்போதைய நிலை

பணம் இன்னும் பிப்ரவரிக்குத்தான் வருகிறது. டெலஸ்கோப் முன்னால் வரிசையாக நிற்கிற பிள்ளைகள் நல்ல போட்டோ. ஈ-சேவை மையத்து வரிசைக்கு யாரும் ஸ்பான்சர் செய்வதில்லை. அதனால் அறிவியல் தினத்தை விடவும் முடியவில்லை. அதில் மிச்சம் பிடித்து மே மாதத்தை ஓட்டுகிறார்கள். கரும்பு நிறுவனப் பயணத்தை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே பார்த்தது வெறும் வேடிக்கை இல்லை.

கடம்பூர்ப் பையன் பன்னிரண்டாவதில் கணிதப் பிரிவில் இருக்கிறான். சான்றிதழ் மனு அப்படியே கிடக்கிறது. சாயங்கால பஸ்ஸை அரை மணி நேரம் தள்ளி விடச் சொல்லி டெப்போவில் பெற்றோர்களே கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். ஸ்பெஷல் கிளாஸ் முடிவதற்குள் பஸ் போய்விடுவதுதான் இப்போது மேல்நிலை வகுப்புப் பெண்களின் முதல் பிரச்சினை. பஸ் நேரம் மாறும்வரைக்கும் ஆசிரியர் ஒருவர் ஷேர் ஆட்டோவுக்குக் கையிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். வரும் ஏப்ரலுக்குள் அந்தச் செலவைக் குழுவின் கணக்கில் ஏற்ற வேண்டும்.